பைப்புக்குள் பொடி ஓடும் கதை: நியூமேட்டிக் கன்வேயிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவு, சர்க்கரை, சிமென்ட், நிலக்கரிச் சாம்பல், பிளாஸ்டிக் குருணை என்று எந்தப் பொடியையும் பைப்புக்குள் காற்றோடு சேர்த்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் முறைக்குத்தான் நியூமேட்டிக் கன்வேயிங் என்று பெயர். புதிதாகச் சேரும் ஆபரேட்டர்களும் மெயின்டனன்ஸ் ஆட்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி. எது ஆளைக் காயப்படுத்துமோ அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பெல்ட் இருக்கிறது, ஸ்க்ரூ இருக்கிறது. அப்புறம் காற்று எதற்கு?

பைப் எங்கே வேண்டுமானாலும் வளைந்து போகும், சுவரைத் துளைத்து அடுத்த கட்டடத்துக்கும் போகும். பொடி முழுக்க மூடிய பைப்புக்குள்ளேயே இருப்பதால் தூசி வெளியே வராது, வெளியிலிருந்து குப்பையும் உள்ளே சேராது. நகரும் பாகங்களும் குறைவு. விலை என்னவென்றால் மின்சாரம். அதே டன்னை அதே தூரம் கொண்டுபோக பெல்ட்டைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். தினமும் ஆயிரக்கணக்கான டன்னை நேர்கோட்டில் நகர்த்த வேண்டும் என்றால் பெல்ட்டையே போடுங்கள்.

லீன் ஃபேஸ், டென்ஸ் ஃபேஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

லீன் ஃபேஸில் காற்று நிறைய, பொடி கொஞ்சம். துகள்கள் காற்றில் மிதந்தபடி, பொதுவாக விநாடிக்கு 15 முதல் 30 மீட்டர் வேகத்தில் பறக்கும். ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 10, மிஞ்சினால் 15 கிலோ பொடி. ரூட்ஸ் ப்ளோயர் (இரண்டு சுழலிகளால் காற்றைத் தள்ளும் இயந்திரம்) ஒன்றே போதும், அழுத்தம் 1 பார் வரைக்கும் (நம்மைச் சுற்றியுள்ள வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 பார்).

டென்ஸ் ஃபேஸில் காற்று கொஞ்சம், பொடி நிறைய. பைப்பின் அடியில் மணல்மேடு நகர்வதுபோலவோ, துண்டு துண்டாக அடைப்பு அடைப்பாகவோ பொடி நகரும். வேகம் விநாடிக்குச் சில மீட்டர்தான். கம்ப்ரசர் காற்று வேண்டும், அழுத்தம் பல பார் வரை ஏறும். தேய்மானம் குறைவு, பொடி உடைவதும் குறைவு. ஆனால் எல்லாப் பொடியும் இதற்கு ஒத்துவராது. சிமென்ட், சாம்பல் மாதிரி காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மென்பொடி அழகாக ஓடும். ஒரே அளவிலான பிளாஸ்டிக் குருணையும் துண்டு துண்டாக ஓடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சொரசொரப்பான மணல் வகைகள்தான் தகராறு செய்யும்.

தள்ளுவதா, உறிஞ்சுவதா?

தள்ளும் லைனில் ஓட்டை விழுந்தால் பொடி வெளியே வரும். உறிஞ்சும் லைனில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். இதை மட்டும் மனதில் வைத்தால் பாதி முடிவு வந்துவிடும். மூச்சில் போனால் ஆபத்தான பொடிக்கும் பல இடங்களிலிருந்து ஒரே இடத்துக்குச் சேர்ப்பதற்கும் உறிஞ்சுவது நல்லது. ஓரிடத்திலிருந்து பல சைலோக்களுக்கு (பொடி சேமிக்கும் உயரமான தொட்டிகளுக்கு) பிரித்து அனுப்பவும் தூரம் அதிகமாக இருக்கவும் தள்ளுவது நல்லது. உறிஞ்சுவதில் நடைமுறையில் அரை பார் அளவுக்குத்தான் வெற்றிடம் கிடைக்கும், அதனால் தூரத்துக்கும் ஓர் எல்லை வந்துவிடுகிறது.

காற்றின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? லைன் அடைத்தால் ப்ளோயரைக் கூட்டிவிடலாம்தானே?

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கிடைமட்டப் பைப்பில் காற்றின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் துகள்கள் மிதப்பதை விட்டுவிட்டு அடியில் படியத் தொடங்கும். செங்குத்துப் பைப்பிலும் இப்படி ஓர் எல்லை உண்டு, அங்கே பொடி மேலே ஏற முடியாமல் சரிந்து வரும். இந்த எல்லை ஒவ்வொரு பொடிக்கும் வேறு. துகளின் அளவு, எடை, பைப்பின் விட்டம், எவ்வளவு பொடி போடுகிறீர்கள் என்பதெல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. தள்ளும் லைனில் காற்றின் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பொடி உள்ளே விழும் இடத்தில் அழுத்தம் அதிகம், காற்று அமுங்கியிருக்கும், அதனால் வேகம் குறைவு. கடைசியில் அழுத்தம் குறைந்து காற்று விரியும், வேகம் ஏறும். 100 மில்லிமீட்டர் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் விநாடிக்கு 25 மீட்டர் வேகம், ஆரம்பத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் 1 பார் காட்டுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் கூட்டினால் ஆரம்பத்தில் இருப்பது இரண்டு மடங்கு அழுத்தம். அப்படியென்றால் பொடி விழும் இடத்தில் வேகம் 12.5 மீட்டர்தான்! ப்ளோயரின் பிளேட்டைப் பார்த்து 'மணிக்கு 700 கன மீட்டர் வருகிறதே, வேகம் 25 மீட்டர்' என்று கணக்குப் போட்டவர் அது வெளிக்காற்றுக் கணக்கு என்பதை மறந்துவிடுகிறார். பொடி விழும் இடத்திலேயே படிந்து, அங்கேயே லைன் அடைக்கும்.

சரி, ப்ளோயரைக் கூட்டினால்? ஆரம்பத்தில் பிரச்சினை தீரலாம். ஆனால் கடைசியில் வேகம் 35, 40 என்று போகும். பைப் தேய்வது வேகத்தின் இரண்டரை முதல் மூன்றாம் மடிப்பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். மூன்றாம் மடியென்று வைத்தால் வேகம் இரட்டித்ததும் தேய்மானம் எட்டு மடங்கு. பொடி உடைந்து தூளாவதும் ஏறக்குறைய இதே வழி. இன்னொரு கோணலும் உண்டு. தேவையான அளவைத் தாண்டிக் காற்றைக் கூட்டினால் அழுத்த இழப்பும் ஏறும். ப்ளோயரின் சக்தி காற்றை மட்டும் தள்ளவே போய்விடும், டன்னேஜ் குறையும். காற்றைக் கூட்டினோம், பொடி குறைந்துவிட்டது என்று தலையைச் சொறிபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீளமான லைனுக்குச் சரியான வழி, பாதியில் பைப்பின் விட்டத்தைப் பெரிதாக்குவது. 100-ல் ஆரம்பித்து 125-ல் முடிப்பார்கள். விரியும் காற்றுக்கு இடம் கிடைக்கும், வேகம் கட்டுக்குள் நிற்கும்.

இந்த 100 மில்லிமீட்டர் லைனில் எவ்வளவு பொடி போகும்?

தோராயமாகக் கணக்கிடலாம். மணிக்கு 700 கன மீட்டர் காற்று என்றால் எடை சுமார் 840 கிலோ. ஒரு கிலோ காற்றுக்கு 8 கிலோ பொடி என்று வைத்தால் மணிக்கு ஆறேமுக்கால் டன் வருகிறது. ஆனால் அந்த 8 வருமா என்பது தூரத்தையும் பென்டுகளையும் (பைப் வளைவுகளையும்) பொறுத்தது. நிஜப் பொடியை ஒரு டெஸ்ட் லைனில் ஓட்டிப் பார்க்காமல் யாராவது கியாரண்டி கொடுத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

லைன் ஏன் அடைக்கிறது?

பெரும்பாலும் பொடியைக் குற்றம் சொல்வார்கள். ஈரமான பொடி அடைக்கும்தான். ஆனால் நான் பார்த்தவரை அதைவிட அதிகமாகக் குற்றவாளியாக இருப்பது நிறுத்தும் முறை. லைனில் பொடி இருக்கும்போதே ப்ளோயரை நிறுத்தினால் செங்குத்துப் பைப்பில் இருந்த பொடி முழுவதும் கீழே இறங்கி அடிப் பென்டில் குவியும். அடுத்த ஸ்டார்ட் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆரம்பிக்கும்போது காற்று முதலில், பொடி பிறகு. நிறுத்தும்போது பொடி முதலில், காற்று பிறகு. லைன் காலியானதும் கேஜ் காலி லைனின் அழுத்தத்துக்கு இறங்கும். அதுவரை பொறுக்க வேண்டும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் இந்த இரண்டு நிமிடம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை.

மற்றபடி, பெறும் இடத்து ஃபில்டர் அடைத்து எதிரழுத்தம் ஏறியிருக்கும். பொடியை லைனுக்குள் இறக்கும் ரோட்டரி வால்வ் தேய்ந்து காற்று பின்னால் ஓடியிருக்கும். பொடி விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே பென்ட் வைத்திருப்பார்கள். விழுந்த துகள் வேகம் பிடிக்க நேரான பைப் சில மீட்டராவது வேண்டும். அப்புறம் சாய்வான பைப். மிச்சம் பிடிக்கிறேன் என்று 45 டிகிரியில் குறுக்கே போட்ட பைப்பில் பொடி அடியோடு சரிந்து சரிந்து பின்னால் வரும். கிடை அல்லது செங்குத்து, இரண்டில் ஒன்றாக இருக்கட்டும்.

அடைத்துவிட்டது. எப்படி எடுப்பது?

முதலில் எப்படி எடுக்கக் கூடாது என்று சொல்கிறேன். அடைப்புக்குப் பின்னால் கம்ப்ரசர் காற்றைக் கொடுத்து மொத்தமாகத் தள்ளப் பார்க்காதீர்கள். அடைப்பு திடீரென்று விட்டால் அந்தப் பொடித்துண்டு பீரங்கிக் குண்டுபோல் போய் அடுத்த பென்டில் மோதும். பைப்புகளை இணைக்கும் கப்ளிங் கழன்றால் எதிரில் நிற்பவர் கதி அதோகதி.

பொடி போடுவதை நிறுத்துங்கள். ப்ளோயரை நிறுத்தி, சுவிட்சில் பூட்டும் டேகும் போடுங்கள். வென்ட் வால்வைத் திறந்து அழுத்தத்தை மெதுவாக விடுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டுகிறது என்று உடனே கப்ளிங்கில் ஸ்பேனர் வைக்காதீர்கள். இரண்டு அடைப்புக்கு நடுவில் சிக்கிய காற்று கேஜுக்குத் தெரியாது. போல்ட்டைக் கழற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் வைக்காமல், உங்களிடமிருந்து தூரத்தில் இருக்கும் போல்ட்டை முதலில் லேசாகத் தளர்த்தி, சீறல் நிற்கும்வரை காத்திருங்கள்.

அடைப்பு எங்கே என்று தெரிய ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே போதும். காலிப் பைப் கணீரென்னும், நிரம்பிய பைப் மொத்தென்று சொல்லும். இரும்புச் சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள். ஓங்கி அடித்த இடத்தில் பைப் உள்ளே நசுங்கும். அந்த நசுங்கல் அடுத்த அடைப்புக்கும் அடுத்த ஓட்டைக்கும் இடம் பார்த்துக் கொடுக்கும். ஒரு லைனில் எங்கெங்கே அடைக்கும் என்று அறிய டிராயிங் தேவையில்லை, சுத்தியல் தழும்புகளைப் பார்த்தாலே தெரியும்.

எடுக்க ஆரம்பிப்பது பெறும் முனையிலிருந்து. கடைசித் துண்டைக் காலி செய்து, அப்புறம் அதற்கு முந்தையதை. அடிக்கடி அடைக்கும் லைன் என்றால், பின்னோக்கி ஊதிக் காலி செய்ய ஒரு வென்ட் கிளையைத் தூசி உறிஞ்சியோடு சேர்த்து முன்பே பொருத்தி வைப்பது புத்திசாலித்தனம்.

பென்டுகள் மட்டும் ஏன் ஓட்டையாகின்றன?

காற்று திரும்பும், துகள் திரும்பாது. நேராகப் போய் வெளிவளைவில் மோதும். மணல், அலுமினா, சாம்பல் போன்ற உறுத்தும் பொடிகள் அங்கேயே அரித்துவிடும். ஒரு பிளான்ட்டில் ஒரு பென்டின் வெளிப்புறத்தில் பட்டி மேல் பட்டியாக வெல்டிங் வைத்து, பென்டே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆகியிருந்தது. உள்ளே பட்டியின் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்க, அதில் மோதிய பொடி அடுத்தாற்போல் நேர்ப் பைப்பையும் ஓட்டை போட்டது.

நீண்ட ஆரமுள்ள பென்ட், உள்ளே பீங்கான் பூச்சுள்ள பென்ட், அல்லது ஒரு முனை மூடிய டீ (T வடிவப் பைப் இணைப்பு) என்று வழிகள் உண்டு. மூடிய டீயில் பொடியே குவிந்து மெத்தைபோல் நிற்கும், வரும் பொடி பொடியின் மேலேயே மோதும். ஆனால் உணவுப் பொருளுக்கும் ஒட்டும் பொடிக்கும் அந்தக் குவியல் ஆகாது. எதைப் போட்டாலும் வேகம் குறையாமல் ஆயுள் கூடாது. பென்டுகளைக் குறைத்துவிடுவதே எல்லாவற்றிலும் மலிவு.

ரோட்டரி வால்வைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

மேலே பொடி நிற்கும் ஹாப்பர், கீழே அழுத்தத்தில் காற்று. நடுவில் சுற்றியபடி பொடியை இறக்கி, காற்றை மேலே விடாமல் பிடிப்பது அந்த வால்வ். புதிதில் பிளேடுக்கும் உடலுக்கும் நடுவில் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். தேயத் தேய அது பெரிதாகி, காற்று மேலே கசிந்து, இறங்கும் பொடியைத் தடுக்கும். 'ஹாப்பரில் பொடி பாலம் கட்டுகிறது' என்று புகார் வந்தால் ஹாப்பரைத் தட்டுவதற்கு முன் வால்வைப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று: சுற்றுகிற வால்வுக்குள் கை விடாதீர்கள். நின்றிருக்கும் வால்வுக்குள்ளும் பூட்டுப் போடாமல் விடாதீர்கள். பொடியின் எடையிலேயே அது திடீரென்று ஒரு அறை நகரும். விரலை வெட்ட அது போதும்.

மாவும் சர்க்கரையும் உண்மையிலேயே வெடிக்குமா?

வெடிக்கும். 1785-ல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு மாவுக் கிடங்கில் நடந்ததுதான் எழுத்தில் பதிவான ஆரம்பகால வெடிப்புகளில் ஒன்று. 1878-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2008 பிப்ரவரி 7 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் 14 பேர். அங்கே முதல் வெடிப்பு சைலோக்களுக்குக் கீழே இருந்த பெல்ட்டில். தூசி விழாமல் இருக்கட்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த பெல்ட்டை இரும்புத் தகட்டால் மூடியிருந்தார்கள். உள்ளே தூசி சேர்ந்து காற்றில் கலக்க வழி ஏற்பட்டது. அது சின்ன வெடிப்பு. ஆட்களைக் கொன்றது, அந்த அதிர்வில் உத்தரங்களிலும் தரையிலும் படிந்திருந்த சர்க்கரைத் தூசி எழும்பித் தொடர்ச்சியாக வெடித்ததுதான்.

தூசி வெடிக்க ஐந்து வேண்டும்: எரியும் பொடி, ஆக்சிஜன், தீப்பொறி, பொடி காற்றில் மேகமாக எழும்புவது, மூடிய இடம். நியூமேட்டிக் லைனில் தீப்பொறியைத் தவிர மற்ற நான்கையும் நாமே காசு கொடுத்து ஏற்பாடு செய்திருக்கிறோம்! அதனால்தான் தீப்பொறியைத் தேடித் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. லைனுக்குள் பொடி அடர்த்தியாக ஓடும்போது வெடிப்பது குறைவு. பொடி பரவி மேகமாகும் பெறும் சைலோவும் ஃபில்டரும்தான் ஆபத்தான இடம். பைப் அந்தத் தீயை அடுத்த கலனுக்குக் கொண்டுபோகும் வழி.

படிந்த தூசிக்கு ஒரு கணக்கு. ஒரு மில்லிமீட்டர் தடிமன், ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ எடையுள்ள பொடி. 5 மீட்டர் உயரமான அறையில் அந்தத் தூசி முழுவதும் எழும்பினால் ஒரு கன மீட்டருக்கு 100 கிராம் ஆகும். பல கரிமப் பொடிகள் வெடிக்க அதில் பாதியே போதும். உத்தரத்தில் விரலால் கோடு போட்டால் அடியில் உள்ள பெயின்டின் நிறம் தெரியவில்லையா, சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. காற்று ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள், அது மேகத்தை நாமே கிளப்புவது. எரியும் தூசிக்கென்று சான்று பெற்ற வாக்கூம் கிளீனரே வழி.

ஸ்டேட்டிக் கரண்ட் அவ்வளவு பெரிய விஷயமா?

பைப் சுவரில் உரசி ஓடும் ஒவ்வொரு துகளும் மின்னூட்டம் பெறும். இதைத் தடுக்க முடியாது, சேராமல் வடித்துவிடத்தான் முடியும். எர்த் இல்லாத உலோகம் எதுவாக இருந்தாலும் அது மின்னூட்டத்தைச் சேமிக்கும் டப்பா. ரப்பர் கேஸ்கெட்டுக்கு நடுவில் தனித்து நிற்கும் ஒரு பைப் துண்டு, ஃபில்டர் பைக்குள் இருக்கும் கம்பிக்கூடு, பிளாஸ்டிக் ஹோஸின் உள்சுருள், எல்லாம் இந்த வகை.

மனிதனும் ஒரு டப்பாதான். உலர்ந்த நாளில் ரப்பர் செருப்போடு நிற்கும் ஆளின் உடலில் 15,000 வோல்ட் சேர்ந்தால் பொறியின் ஆற்றல் சுமார் 17 மில்லிஜூல் வரும். கை சுரீர் என்னும், அவ்வளவுதான். ஆனால் தீப்பற்ற 10 மில்லிஜூல்கூட வேண்டாத பொடிகள் உண்டு. மென்மையான கந்தகத் தூளுக்கு 1 மில்லிஜூலும் தேவையில்லை.

ஒவ்வொரு ஃபிளாஞ்ச், கப்ளிங் குறுக்கேயும் காப்பர் பட்டை. உலோகத்துக்கு உலோகம் எர்த் வரைக்கும் 10 ஓமுக்குக் கீழே இருக்கட்டும். அதற்கு மேலும் மின்னூட்டம் வடியும்தான், ஆனால் உலோக இணைப்பில் அதற்கு மேல் காட்டினால் எங்கோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்டரை வைத்து அளந்துதான் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். ஒருமுறை ஒரு லைனில் எல்லாப் பட்டைகளும் பளபளவென்று இருந்தன. அளந்தால் மீட்டர் முள் அசையவில்லை. ஆடிட் வருகிறது என்று பைப்புக்கு எனாமல் அடித்திருந்தார்கள். பட்டையைக் கழற்றிவிட்டு அடித்து, பெயின்டின் மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள்.

உள்ளே பிளாஸ்டிக் பூசிய உலோகப் பைப்பும் கவனத்துக்குரியது. அதன் பரப்பில் சேரும் மின்னூட்டம் ஒரே நேரத்தில் பாய்ந்தால் ஒரு ஜூல் வரைகூடப் போகும். பெரும்பாலான பொடிகளுக்கு அது தாராளம்.

எங்கள் பொடி எந்த வகை என்று எப்படித் தெரியும்?

பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே பொருள், நைசாக அரைத்தால் ஒரு மாதிரி, பெரிய துகளாக இருந்தால் வேறு மாதிரி. உங்கள் லைனில் ஓடும் பொடியையே, அதுவும் ஃபில்டரில் சேரும் நைஸ் தூளையும் சேர்த்து, டெஸ்டுக்கு அனுப்புங்கள். 20 லிட்டர் உருண்டைக் கலனுக்குள் வெடிக்க வைத்து எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளப்பார்கள். வேகத்தைக் குறிக்கும் கேஎஸ்டி மதிப்பு 200 வரை என்றால் எஸ்டி 1, 300 வரை எஸ்டி 2, அதற்கு மேல் எஸ்டி 3. எஸ்டி 1 என்றதும் 'பலவீனம், பயமில்லை' என்று நினைக்காதீர்கள். சர்க்கரையும் பெரும்பாலான மாவுகளும் அந்த வகுப்பில்தான் இருக்கின்றன. மேலே சொன்ன ஆலைகள் எப்படிப் போயின என்று பார்த்தோமே. இதோடு எவ்வளவு பொறியாற்றலில் பற்றும், எத்தனை டிகிரியில் பற்றும், எவ்வளவு ஆக்சிஜனுக்குக் கீழே பற்றாது என்ற எண்களையும் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பாவில் ஏடெக்ஸ் என்ற வெடிப்புப் பாதுகாப்பு விதிகளும் அமெரிக்காவில் என்எஃப்பிஏ என்ற தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தரங்களும் இந்த எண்களை வைத்துத்தான் பேசுகின்றன.

வெடித்தே விட்டால்?

அடைபட்ட கலனில் பொடி வெடித்தால் அழுத்தம் 8, 9 பார் வரை ஏறலாம். ஃபில்டர் உடலின் தகடு அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது. அதனால் 0.1 பார் போன்ற குறைந்த அழுத்தத்தில் கிழியும் பேனல் வைத்து, தீயை வெளியே விடுவார்கள். பேனல் திறக்கும் திசையில் நடைபாதையும் ஏணியும் இருக்கக் கூடாது. பல இடங்களில் டீ குடிக்கும் பெஞ்ச் அங்கேதான் போட்டிருக்கிறார்கள், நிழலாக இருக்கிறதாம். வெளியே விட இடமில்லையென்றால் தீயை வடிகட்டி விடும் வென்ட், அல்லது வெடிப்பு ஆரம்பித்ததும் தீயணைப்புப் பொடி தூவி அணைக்கும் ஏற்பாடு.

இத்தோடு முடியவில்லை. தீ பைப் வழியே அடுத்த கலனுக்குப் போகாமல் தடுக்கத் தனியாக வால்வ் வேண்டும். பேனலை மட்டும் வைத்து, தடுப்பு வால்வை விட்டுவிடுவது கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் போட்டால் வம்பே இல்லையே?

வெடிப்பு வம்பு தீரும். ஆக்சிஜனை அந்தப் பொடிக்கான எல்லைக்குக் கீழே, பல பொடிகளுக்குச் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே, வைத்தால் போதும். காசு மிச்சமாக நைட்ரஜனைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவார்கள். ஆனால் இன்னொரு வம்பு உள்ளே வரும். நைட்ரஜனுக்கு நிறமோ மணமோ இல்லை. கசிந்த அறைக்குள் நுழைபவருக்கு மூச்சுமுட்டுவதுகூடத் தெரியாது, ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார். காப்பாற்ற ஓடி வருபவர் அடுத்து. ஆக்சிஜன் மீட்டரும் அலாரமும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

டேங்கர் லாரியிலிருந்து சைலோவுக்கு ஏற்றும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நான் அதிகம் பயப்படும் இடம் இதுதான், ஏனென்றால் இங்கே யாரும் பயப்படுவதில்லை. டேங்கரில் 2 பார் வரை, அதாவது 200 கிலோபாஸ்கல் அழுத்தம். சைலோ தாங்குவது வெறும் சில கிலோபாஸ்கல். நடுவில் காற்றை வெளியே விடுவது மேலே இருக்கும் ஒரே ஒரு ஃபில்டர். 3 மீட்டர் விட்டமுள்ள சைலோவின் கூரையில் 10 கிலோபாஸ்கல் ஏறினால் கூரையைத் தூக்கும் விசை 7 டன். கூரை பறந்து விழுந்த சம்பவங்களும், ஃபில்டர் உடலே பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்த சம்பவங்களும் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தவை.

ஆபத்து உச்சத்தில் இருப்பது லோடு முடியும் நேரத்தில். பொடி தீர்ந்ததும் பைப்பில் தடை போய்விடும், டேங்கரில் மிச்சமிருக்கும் அழுத்தக் காற்று முழுவதும் ஒரே மூச்சில் சைலோவுக்குள் பாயும். அந்த நேரம் டிரைவர் வால்வைச் சிறிதாக்கி, மெதுவாக விட வேண்டும். சீக்கிரம் கிளம்பணும் என்று முழுசாகத் திறந்துவிடுவார்கள்.

ஆரம்பிக்கும் முன் சைலோவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். லெவல் அலாரத்தையும் அழுத்தம் விடும் வால்வையும் ஃபில்டரையும் நீங்கள் சோதித்திருக்க வேண்டும். வால்வின் வாயில் பொடி இறுகி ஒட்டிக் கிடந்தால் அது வால்வே அல்ல. அலாரம் அடித்ததும் நிறுத்துவது டிரைவர், ஆகவே அலாரச் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். லாரியின் ப்ளோயர் பக்கத்தில் அலறும்போது மேலே கூவும் சின்ன மணி எப்படிக் கேட்கும்?

ஹோஸ் விஷயமும் உண்டு. 100 மில்லிமீட்டர் ஹோஸ், 2 பார் அழுத்தம்: முனையைத் தள்ளும் விசை 160 கிலோ. கப்ளிங் காது (பக்கத்தில் மடக்கிப் பூட்டும் கைப்பிடி) சரியாக மாட்டாமல் கழன்றால் அந்த ஹோஸ் பாம்புபோல் சுழன்று அடிக்கும். இரண்டு காதையும் பூட்டி, பூட்டு ஊசியைச் செருகி, ஹோஸைச் சங்கிலியால் கட்டுங்கள். அழுத்தம் முழுதும் இறங்கும்வரை காதைத் தொட வேண்டாம்.

சிமென்ட், சாம்பல் வெடிக்காதே, அப்படியானால் பயமில்லையா?

சிமென்ட் எரியாதுதான். ஆனால் கண்ணில் பட்டால் காரம் அரிக்கும். படிக மணல் தூசி நுரையீரலில் சேர்ந்தால் சிலிகோசிஸ், அதற்கு மருந்து கிடையாது. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசிதான் உள்ளே ஆழமாகப் போகும். லைன் கசியும்போது துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தால் நடக்காது, தகுந்த மாஸ்க் வேண்டும். இன்னும் நல்லது கசிவையே அடைப்பது.

சைலோவுக்குள் இறங்கி ஒட்டியிருப்பதைத் தட்டலாமா?

கூடாது. மேலே உறுதியாகத் தெரியும் பொடிக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். கால் வைத்தால் சில விநாடியில் ஆள் மார்பளவு மூழ்கிவிடுவார், அப்புறம் ஒருவர் கையைப் பிடித்து இழுத்து எடுக்க முடியாது. சுவரில் ஒட்டியது மேலிருந்து விழுந்தாலும் அதே கதி. வெளியிலிருந்து எடுக்கும் கருவிகளைத் தேடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் பெர்மிட், கீழே வால்வ் பூட்டு, காற்றுச் சோதனை, இடுப்பில் கயிறு, மேலே காவலாள், எல்லாம் இருந்தால் மட்டும்.

ப்ளோயர் சத்தமும் சூடும்?

ரூட்ஸ் ப்ளோயர் பக்கத்தில் காது அடைப்பான் இல்லாமல் நிற்கக் கூடாது. சைலன்சர், மூடிய அறை இரண்டும் வேண்டும். 1 பாருக்கு அமுக்கிய காற்றின் சூடு 100 டிகிரியைத் தாண்டலாம். பிளாஸ்டிக், சர்க்கரை, கொழுப்புள்ள பொடிகள் அந்தச் சூட்டில் இளகிப் பைப்பில் ஒட்டும். கூலர் வைக்க வேண்டும். தொட்டால் சுடும் பைப்புக்கு உறையும் போடுங்கள்.

தினமும் பார்க்க வேண்டியது என்ன?

ஐம்பது வரிப் பட்டியல் தேவையில்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது காலி லைனில் காற்று மட்டும் ஓடும்போது கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். அந்த எண் வாராவாரம் ஏறினால் ஃபில்டர் அடைக்கிறது அல்லது பைப்பில் பொடி படிகிறது. இறங்கினால் எங்கோ கசிகிறது. ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். ரோட்டரி வால்வ் மோட்டாரின் ஆம்பியர், மூன்றாவது எண். ஒரு பெரிய லைன் அடைப்பதற்கு ஒரு வாரம் முன்பே இந்த மூன்று எண்களும் பேச ஆரம்பித்துவிடும். நோட்டுப் புத்தகத்தில் எல்லா நாளும் ஒரே எண் இருந்தால், லைன் சரியாக ஓடுகிறது என்று அர்த்தமில்லை. யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுகிறார்.